ஈயம் பூசாத பாத்திரமும் என் இடது காலும்

பித்தளையில் ஊறிய புளித்தண்ணீரைக் குடித்தால் முறிந்த எலும்பு ஒட்டும் என்று நம்பினேன். நாற்பத்தாறு வயது ஆள், ரயில்வேயில் இருபது வருட சர்வீஸ். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். கால் முறிந்து படுத்திருப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

பட்டறையில் ரயில் பெட்டிகளைக் கோக்கும் இரும்புக் கொக்கி ஒன்று நழுவிக் காலில் விழுந்தது. எலும்பு தோலைக் கிழித்து எட்டிப் பார்த்தது. மூன்று வாரம் கழித்து, மாவுக்கட்டோடு (முறிந்த இடம் அசையாமலிருக்கப் போடும் கெட்டிக் கட்டு) ஆஸ்பத்திரியிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருக்கும் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

கிளம்பும்போது டாக்டரைக் கேட்டேன். "எதைத் தின்னா சீக்கிரம் ஒட்டும்?"

"நெத்திலியை முள்ளோட தின்னுங்க. கீரை, தீட்டாத அரிசி. சுண்ணாம்புச் சத்து நிறைய வேணும். செம்பு, துத்தநாகம்கூட எலும்புக்கு வேணும். ஆனா ஊசிமுனை அளவு போதும், அது சாப்பாட்டிலேயே இருக்கு."

பட்டறைக்காரன் காதில் நெத்திலி விழுமா? செம்பும் துத்தநாகமும்தான் விழுந்தன. இரண்டையும் கலந்தால் பித்தளை. ஊசிமுனைக்கே ஒட்டுமென்றால் ஒரு செம்புத் தண்ணீருக்கு?

ஈயப்பூச்சு தேய்ந்துபோன பித்தளைப் பாத்திரம் ஒன்றை என் மனைவி செல்லம்மா ஒதுக்கி வைத்திருந்தாள். அதில் புளி பட்டால் களிம்பு (பச்சை நிற விஷம்) ஊறும் என்பது எந்த வீட்டுக்கும் தெரியும். ஊற வேண்டும் என்றே புளியைப் போட்டேன். மறுநாள் அவள் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரம், ஊன்றுகோலை ஊன்றிப் போய் மடமடவென்று குடித்தேன்.

அரை மணியில் பச்சையாக வாந்தி. என் குடை யாருக்கு, கடிகாரம் யாருக்கு என்று படுத்தபடியே பாகம் பிரித்தேன்.

அடுத்த நாள் காய்ச்சல். கட்டுக்குள் கால் விண் விண் என்று தெறித்தது.

"மேலெல்லாம் கொதிக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வயித்துக் கோளாறு புள்ள. தானா போயிடும்."

களிம்புதான் வேலை காட்டுகிறது என்று நினைத்தேன். போனால் டாக்டர் சிரிப்பார். ஊரையே கேலி பண்ணுகிறவனுக்கு அது மட்டும் தாங்காது.

ஐந்தாம் நாள் வீட்டில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறதென்று செல்லம்மா கட்டிலுக்கு அடியில் தேடினாள். எழுந்தவள் என் காலருகே குனிந்து மோந்தாள். உடனே ரிக்‌ஷா பிடிக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டித் திறந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்க குடிச்சது வாந்தியில போயிடுச்சு. இது எலும்புச் சீழ் (காயம் வழியே கிருமி போய் எலும்பு அழுகுவது). காய்ச்சல் கண்ட அன்னைக்கே வந்திருந்தா சீழை எடுத்துக் காலைக் காப்பாத்தப் பார்த்திருக்கலாம்."

"இப்ப?"

அவர் செல்லம்மாவைப் பார்த்தார்.

இல்லாத பெருவிரல் இப்போதும் அரிக்கிறது. கை போய் வெறும் பாயைச் சொறிகிறது. இருபது வருட சர்வீஸ் எப்படிப் போயிற்றென்று தெரியவில்லை. அந்த ஐந்து நாளில் எந்த மணிக்கு என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்வேன்.

பித்தளை என்னை ஒன்றும் செய்யவில்லை. டாக்டரிடம் போகாமல் காய்ச்சலை மறைத்தேன். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.