மத்தியானம் ஒரு மணிக்கு எடுத்த படம்

கம்பெனிகளுக்காக அரசாங்க ஆபீஸ் ஆபீஸாக ஏறி, அதிகாரிகளிடம் நயமாகப் பேசிக் காரியம் முடித்துக் கொடுப்பதுதான் முன்பு என் பிழைப்பு. லாபி என்பார்கள், பாதி நாள் நாற்காலியில் காத்திருப்பதுதான் வேலை. ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து இடுப்பொடிந்த மகாஜனங்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

பின்வாசல்

கோலாலம்பூரில் ஒரு பெரிய அதிகாரியைப் பிடிக்கப் போனேன். புது டை, கையில் தீபாவளிப் பலகாரக் கூடை. காலை ஒன்பதிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு குமாஸ்தா லெட்சுமி அக்கா இரக்கப்பட்டு ஒரு கோப்பை சூடான மைலோ கலக்கிக் கொடுத்தார். பிறகு கூடையைப் பிரித்து ஒரு முறுக்கைக் கடித்தபடி சொன்னார்: "பாஸ் பின்வாசல் வழியா போயி ரெண்டு மணி நேரம் ஆச்சு லா தம்பி. அவருக்குப் பல்லு வேற சரியில்ல."

என்ன நம்பர்?

அப்புறம் தேர்தலில் நின்றேன், என்ன அதிர்ஷ்டமோ, ஜெயித்தும் விட்டேன். கிள்ளான் பக்கம் சட்டமன்ற உறுப்பினர், ஊருக்கெல்லாம் 'ஒய்பி', அதாவது மாண்புமிகு. தொகுதி மக்களைச் சந்திக்கச் சேவை மையம் திறந்த முதல் நாள், பழக்க தோஷம், என் அறைக்குப் போகாமல் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். போஸ்டரில் எனக்குப் பத்து வயது குறைத்திருந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்துக் காப்பார் ஊரிலிருந்து வந்திருந்த முனியாண்டி அங்கிள் என் தோளைத் தட்டினார்: "நீங்க என்ன நம்பர் தம்பி? இந்த ஒய்பி நேரத்துக்கு வர்ற ஆளா, இல்ல மத்தவங்க மாதிரிதானா?"

பிரமாதமான எழுத்து

நான்தான் என்று அசடு வழியச் சொல்லி உள்ளே அழைத்துப் போனேன். அவர் வந்தது ஒரு திடலுக்காக. அவர்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் பந்து விளையாட அது ஒன்றுதான் இடம். அங்கே கார் நிறுத்துமிடம் கட்ட ஒரு கம்பெனி நகராட்சியிடம் கேட்டிருந்தது, மறுவாரம் முடிவு. கம்பெனியின் அறிக்கையை நீட்டினார். 'யாரும் பயன்படுத்தாத காலி இடம்', சாட்சிக்கு வெறிச்சோடிய திடலின் படம். எழுத்து பிரமாதம். இரண்டாம் பக்கம் புரட்டியதும்தான் தெரிந்தது. எழுதியவன் நானேதான், லாபி காலத்தில் எழுதிக் கொடுத்து மறந்தே போயிருந்தேன்.

அங்கிளுக்கு அது தெரியாது. படத்தில் விரலை வைத்தார்: "நிழலைப் பாருங்க ஒய்பி, கோல் போஸ்ட்டுக்கு அடியிலயே கெடக்கு. மத்தியானம் ஒரு மணிக்கு வந்து எடுத்திருக்கான். அந்த வெயில்ல நாய்கூட வராது."

ஆறு மணி

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வெட்கம் விடவில்லை. நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து, அறிக்கையும் என்னுடையது, படமும் நான் எடுத்தது, தயவுசெய்து சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை வந்து பாருங்கள் என்றேன். முடிவைக் கேட்க வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அங்கிள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நகராட்சி உறுப்பினர்கள் வந்தார்கள். திடல் முழுக்கப் பிள்ளைகள். ஓர் உறுப்பினரின் வெள்ளைச் சட்டையில் சேற்றுப் பந்து வந்து பதிந்தது. கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. அன்றைக்குத்தான் அங்கிள் என் கையைப் பிடித்தார்: "காலின்னு எழுதினதும் நீங்க, காலி இல்லன்னு சொன்னதும் நீங்க. ரெண்டுக்கும் சம்பளம் வாங்கிட்டீங்க பாருங்க ஒய்பி, அங்கதான் நிக்கிறீங்க."

இப்போதெல்லாம் எந்தக் கம்பெனி படம் கொண்டுவந்தாலும் முதலில் நிழலைத்தான் பார்க்கிறேன், என்னைப் போல் இன்னும் எத்தனை பேர் மத்தியான வெயிலில் கேமராவோடு அலைகிறார்களோ.