வலப்புறம் திரும்பும் வண்டி

பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து விருத்தாசலம் நகருக்குள் வரும் சாலை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். இடப்புறம் சென்றால் என் தங்கையின் வீடு மிக அருகில். ஆயினும் அவள் கணவரின் மொபெட் அங்கே எப்போதும் வலப்புறமே திரும்பும். தொடர்வண்டி நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வெகுநேரம் கழித்தே வீடு சேரும். இடப்புறச் சாலையில் ஒரு மதுக்கடை இருந்தது.

அவர் குடியை விட்டதையும், கிறித்துவைப் பற்றிக்கொண்டு திருமுழுக்குப் பெற்றதையும் எங்கள் திருச்சபை அறியும். சாட்சி சொல்ல எழும்போதெல்லாம், “கர்த்தர் எனக்கு ஜெயம் குடுத்தாரு” என்பார். வென்றவர் ஏன் சுற்றிப் போகவேண்டும்? தோற்ற பகைவனின் தெருவில் நிமிர்ந்து நடப்பதன்றோ வெற்றி? வாகைத்திணையைக் கற்பித்தே தலை நரைத்த எனக்கு இந்த ஐயம் நெடுநாள் தீரவில்லை. கேட்கவும் கூச்சம்.

கிறித்து பிறப்பு விழா நெருங்கிய ஒரு மாலை, கோயிலுக்குக் குடில் பொம்மைகள் வாங்க அவருடைய சூளைக்குச் சென்றிருந்தேன். பொம்மைகளைச் சுட்டு ஆறவிட்ட சூளையை அன்றுதான் திறந்தார்கள். ஞானியர், ஆயர், ஆட்டுக்குட்டிகள், தொட்டிலில் கிடத்தும் குழந்தை என எதுவும் முழுதாக இல்லை, எல்லாம் வெடித்திருந்தன. அந்தப் பருவத்து உழைப்பு முழுவதும் அதில் இருந்தது. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். வண்ணம் தீட்டும் பெண் ஒருத்தி, அவர் செவியில் விழும்படியே, “இன்னிக்கு அண்ணன் வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாப்போம்” என்றாள். யாரோ சிரித்தார்கள். குடித்த காலத்தில், வாயிலில் நின்று வண்டியின் ஒலிக்குச் செவி சாய்த்திருந்த என் தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது.

பின்னிருக்கையில் நான் இருந்தேன். சாலை பிரியுமிடத்தில் வண்டியை நிறுத்தினார். இடப்புறம் சென்ற பார்வை திரும்பவில்லை. பின்பு இறங்கினார்.

“மச்சான், நீங்க ஓட்டுங்க. என்னால முடியலீங்க.”

“எனக்கு சைக்கிளே ஒழுங்கா வராது மாப்ள!”

“வுழுந்தா வுழுவோம். வலது பக்கமா வுழுவோம்.”

வண்டி துள்ளித் துள்ளிச் சென்றது. நிலையத்தருகே ஓர் ஆட்டோ ஓட்டுநர், “பெருசு, வண்டிய தூக்கிக்கினு போ!” என்று ஏசினார். என் தோளைப் பற்றியபடி, தாழ்ந்த குரலில் இயேசுவை அழைத்துக்கொண்டு வந்தவர், அதைக் கேட்டுச் சிரித்தும்விட்டார்.

வண்டியை நான் ஓட்டிவரக் கண்டதும் தங்கையின் முகம் வெளுத்தது. அவர் இறங்கி அவளருகே சென்று, “பயப்படாத. வாய வேணா ஊதிக் காட்டட்டுமா?” என்றார். அவள் அழுதாள்.

அந்த மதுக்கடையை அகற்றி ஆண்டுகள் பல ஆயின. இன்று அவ்விடத்தில் கைப்பேசி பழுதுபார்க்கிறார்கள். சென்ற வாரம் அவருடன் வந்தபோதும் வண்டி வலப்புறமே திரும்பியது. இம்முறை கேட்டுவிட்டேன்.

“அதான் கடையே இல்லியே மாப்ள, இன்னும் ஏன் சுத்துறீங்க?”

“கடைதான் போச்சு மச்சான். நான் இருக்கேன்ல? ஜெயிச்சவரு கர்த்தரு. அன்னிக்கு ஒங்க பின்னால வந்த மாதிரி, அவரு பின்னால ஒக்காந்து வரேன். அவ்ளோதான்.”

வீடு சேர நேரமாயிற்று. தங்கை வாயிலில் இல்லை. வண்டி வந்து நின்ற ஒலியும் கேளாமல், உள்ளே தொலைக்காட்சியில் மூழ்கியிருந்தாள்.