மலைப்பாதையில் நின்ற பஸ்

எண்பதுகளில், மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பள்ளியில் நான் ஆசிரியை. அடிவயிறு திடீரென்று முறுக்கிப் பிடிக்கும். உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டும். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வேலூரில் பார்த்த டாக்டர், "இது க்ரோன்ஸ் நோய். குடல் அழற்சி. யாருக்கும் ஒட்டாது. முழுசாப் போகாது, ஆனா மாத்திரையால அடக்கி வைக்கலாம்" என்றார். வெட்கத்தில் நான் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

ஒரு சந்தை நாளில், மலையேறும் பஸ்ஸில் வலி வந்துவிட்டது. வியர்த்துக் கொட்டியது. பக்கத்தில் புளிக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சு?" என்றார்.

வேறு வழியில்லாமல் அவர் காதில் சொன்னேன். "குடல்ல நோவுங்க. அடக்க முடியல."

அவர் எழுந்து நின்று குரல் கொடுத்தார். "கண்டக்டரே, வண்டிய நிறுத்துங்க! பொம்பளைங்க எறங்கணும்!"

"எத்தினி பேரு?"

"அல்லாருந்தான்!"

காரணம் கேட்காமல் பஸ்ஸிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள். ஒரு புதரைச் சுற்றி எனக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானைகளை விரித்துப் பிடித்தார்கள். ஒருத்தி திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டித் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்தாள்.

நான் கூச்சத்தோடு எழுந்து வந்ததும் அந்த அம்மா சொன்னார். "நீ மட்டும் எறங்கினா அல்லாரும் உன்னியத்தானே பாப்பாங்க?"

"டீச்சர் புண்ணியத்துல எனக்கும் இடுப்பு நிமிந்துச்சு!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

நோய் இன்றும் இருக்கிறது. வலி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுகிறேன். இதுவரை யாரும் முகம் சுளித்ததில்லை.