கையில் சுழன்றது, காற்றில் சிக்கியது: ஒரு முன்பாய்ப் பழுதும் திருவண்ணாமலைப் பயணமும்

பாய்மரப் படகுக்குப் பழுது பார்க்க யாராவது திருவண்ணாமலைக்குப் போவார்களா? போன மாதம் நான் போனேன், அதுவும் பௌர்ணமியன்று.

முந்தின நாள் புதுச்சேரிக் கடலில் காற்று திடீரென்று ஏறியபோது, எங்கள் படகின் முன்பாய் சுருளவில்லை. இந்த அமைப்பில் கீழே கயிறு சுற்றிய ஒரு டிரம், மேலே பாயின் மேல்நுனியைத் தாங்கும் ஸ்விவல் என்ற சுழல் கொக்கி. கயிற்றை இழுத்தால் இரண்டும் சேர்ந்து சுழன்று பாயைச் சுருட்ட வேண்டும். என் மனைவி மலருக்கு இழுத்து இழுத்து உள்ளங்கைத் தோல் உரிந்தது. அலைத்தடுப்புக் கற்களுக்குப் பத்தடி முன்னால்தான் படகைத் திருப்ப முடிந்தது. எஞ்சின் கிடையாது; கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்தினோம். பௌர்ணமிக்கு மறுநாள் மதியத்திலிருந்து கடல் சீறும் என்று எச்சரிக்கை வேறு. அதற்குள் படகை முகத்துவாரத்துக்குள் சேர்த்தாக வேண்டும்; முன்பாய் இல்லாமல் அவ்வளவு தூரம் போகாது, நுழையும்போது அதைச் சுருட்டியும் ஆக வேண்டும்.

உள்ளூர்ப் பட்டறைகள் ஒரு வாரம் கேட்டன. மலரோடு படித்த சுமதி, திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் போர்வெல் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். டிரம்மையும் ஸ்விவலையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழியாக 105 கிலோமீட்டர், டிக்கெட் 95 ரூபாய். ஒன்பது மணிக்கு ஊருக்கு வெளியிலேயே இறக்கிவிட்டார்கள்.

"டவுனுக்குள்ள வண்டி வுட மாட்டாங்க சார். சந்து சந்தா பூந்து போவணும், ஜாஸ்தி ஆவும்," என்றார் ஆட்டோக்காரர். 250 ரூபாய். கிரிவலம் நடந்து போகும் கூட்டத்துக்கு நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்தோம்.

சுமதி டிரம்மைப் பிரித்துப் பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியேண்ணா. அந்த இன்னொண்ணு என்னா?"

"அது நல்லாத்தான் சுத்துது, சுமதி," என்று ஸ்விவலைக் கையால் சுற்றிக் காட்டினேன்.

அவர் அதை மோட்டார் தூக்கும் செயின் பிளாக்கில் மாட்டி, கீழே ஐம்பது கிலோ மோட்டார் ஒன்றைத் தொங்கவிட்டார். "இப்ப சுத்துங்க."

அசையவில்லை. இரண்டு கையாலும் முறுக்கினேன். அப்படியே நின்றது.

"வெயிட்டு ஏறினா புடிச்சிக்குது. உள்ள பேரிங் உப்புல அரிச்சிப் போச்சி."

அதே அளவு பேரிங் கீழ்பென்னாத்தூரில் அவர் தம்பி கடையில்தான் இருந்தது. தம்பி அதை ஒரு வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். பதினொன்றரைக்கு வர வேண்டிய வேன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. "வந்துடும்ணா" என்று சுமதி மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை அவர் குரலிலும் நம்பிக்கை கம்மி. ஒன்றே முக்காலுக்கு வந்தது. பேரிங்கோடு கூலி 1,100 ரூபாய். மூன்றேகால் பஸ்ஸில் திரும்பினேன்.

மறுநாள் விடிந்ததும் மாட்டினோம். ஏழரைக்குப் பாயை விரித்தோம். எச்சரிக்கை சொன்ன நேரத்துக்குக் காற்று காத்திருக்கவில்லை. முகத்துவாரம் கண்ணுக்குத் தெரியும்போதே அடிக்கத் தொடங்கியது. துணி சுற்றிய கையால் மலர் இழுத்தாள். அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. அதே கற்கள், இம்முறை இடதுபுறம்.

"உங்க கையில இருக்கிற கயித்த வுடுங்க!" என்று கத்தினாள்.

பாயை விரித்து இழுத்துப் பிடிக்கும் பின்முனைக் கயிற்றைப் பயத்தில் நான் இறுகப் பிடித்திருந்தேன். விட்டேன். பாய் சரசரவென்று சுருண்டது. பெரிய பாயோடு மட்டும் உள்ளே நுழைந்தோம்.

உங்கள் பாய் சுருளாவிட்டால் வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். முதலில் பின்முனைக் கயிறு தளர்ந்திருக்கிறதா, டிரம்மில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா பாருங்கள். ஸ்விவலை எடை தொங்கவிட்டுச் சோதியுங்கள். கடலுக்குப் போய்வந்தால் இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். திருவண்ணாமலையில் வேலை இருந்தால் பௌர்ணமியைத் தவிருங்கள்.

கரையில் இறங்கியதும் மலர் சுமதிக்குப் போன் போட்டாள். "சுருண்டுச்சிடி" என்றாள். கையில் சுற்றிய துணியை அவிழ்த்தபடி என்னிடம் நீட்டினாள். போனை நான் வாங்கிக்கொண்டேன்.