மும்மூன்றாக வந்த சத்தம்

டீச்சர் தன் குளியலறைக்குள் அடைபட்டிருந்த மூன்று மணித்தியாலமும் என் கொப்பியில் நிமிடம் பிசகாமல் பதிவாகியிருக்கிறது. 9.12, மூன்று தடவை. 9.13, மூன்று. 9.15, மறுபடியும் மூன்று. பக்கத்தில் சிவப்பு மையால் ‘சகிக்க முடியவில்லை’ என்று ஒரு குறிப்பு. எழுதியவன் நான்தான். உள்ளே ஒரு மனுஷி மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் டீச்சர் எனக்கு நேர்மேலே தனியாக இருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகன் டொரன்டோவில். அவர் தண்ணீர்க் குழாயைத் திருகிப் பூட்டும் ஒவ்வொரு முறையும் என் குளியலறைச் சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலிருக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த குழாய் திருத்தும் பாஸ் சுவரில் காதை வைத்துக் கேட்டார். “ஓடி வாற தண்ணி, பூட்டின உடனே முட்டுது ஐயா. பைப்பைப் பிடிச்ச கிளிப்பும் கழண்டிட்டுது. மேல போய் இறுக்கினாச் சரி.” ஆனால் டீச்சர் தெரியாத ஆண்களுக்குக் கிரில்லைத் திறப்பதில்லை. பகலிலும் உள்பக்கம் ஆமைப்பூட்டு தொங்கும். “தம்பி, காதுக்குப் பஞ்சு வையுங்கோ, பைப்பை விட மலிவு” என்றார் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து. பத்திரிகையில் வேலை பார்த்தவனுக்கு ஆதாரம் சேர்க்கத்தான் தெரியும். ஃபிளாட் கமிட்டிக்கு முறைப்பாடு எழுதுவதற்காகச் சத்தங்களை நேரத்தோடு குறிக்கத் தொடங்கினேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு அந்தக் கடிதத்தைச் சுத்தப்படுத்தி எழுதும்போதுதான் கண்ணில் பட்டது. முந்தைய நாட்களில் எல்லாம் ஒற்றை அடி. அன்று காலையில் மட்டும் மூன்று, மூன்று, மூன்று. தண்ணீர் எண்ணித் தட்டாது. ஓடிப்போய்க் குழாயில் கை வைத்தேன். தண்ணீர் ஓட்டமே இல்லை, ஆனால் அதிர்ந்தது. பாஸை அழைத்து, ஹெக்சோ வாளால் கிரில் பூட்டை அறுத்து உள்ளே போனோம். குளியலறைக் கதவின் கைப்பிடி உள்பக்கமாகக் கழன்றுவிட்டிருந்தது. டீச்சர் கவிழ்த்த வாளியில் ஹவுஸ்கோட்டோடு உட்கார்ந்து, அந்தக் கைப்பிடியாலேயே குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒம்பது மணி தொடக்கம் தட்டுறன். கேக்கேல்லையோ தம்பி?”

கேட்டது, எழுதியும் வைத்தேன். தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன்.

தண்ணீர் குடித்து மூச்சு வாங்கியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அறிஞ்சானெண்டால் டிக்கட் போட்டிடுவான். ஆறு மாசம் அவன்ரை பேஸ்மென்டில இருந்து பார்த்திட்டுத்தான் திரும்பி வந்தனான். அங்கை கதவெல்லாம் திறந்துதான் கிடக்கும் தம்பி, போறதுக்குத்தான் இடமில்லை.”

பாஸ் வந்த கையோடு கிளிப்புகளை இறுக்கிவிட்டார். மறுநாள் மகன் என்னை அழைத்தான். பூட்டை வெட்டியதாக வாசல் காவலாளி சொல்லியிருக்கிறார். “அங்கிள், உண்மையைச் சொல்லுங்கோ, அம்மாவுக்கு ஏதுமோ?” குழாய் திருத்த வேண்டியிருந்தது, பூட்டின் திறப்பு கைக்கு அகப்படவில்லை, அதனால் வெட்டினோம் என்றேன். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்தால் பிழையில்லை. முப்பது வருடம் மற்றவர்களின் செய்திகளில் அப்படிப்பட்ட வாக்கியங்களைத் தேடித் தேடி வெட்டியவன் நான்.

இப்போது சுவரில் சத்தமே இல்லை. அதுதான் கஷ்டம். டீச்சர் எழும்பினாரா, குளித்தாரா, விழுந்தாரா என்று கீழேயிருந்து அறிய வழியில்லை. காலையும் மாலையும் ஏதாவது சாட்டுச் சொல்லி மேலே ஏறுகிறேன். ஒரு நாளுக்கு மேல் கொழும்பை விட்டுப் போவதில்லை.

போன வாரமும் கம்பிகளுக்குப் பின்னாலிருந்துதான் கேட்டார்: “யாழ்ப்பாணத்தில உங்கட தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணமெல்லோ? போகேல்லையோ?”

“லீவு கிடைக்கேல்லை டீச்சர்” என்றேன்.

நான் ஓய்வுபெற்று நான்கு வருடமாகிறது. பிரியாவிடைக்கு வடை சுட்டுத் தந்தவரே அவர்தான். டீச்சர் உள்ளே போய், புதுப் பூட்டின் இரண்டாவது திறப்பைக் கொண்டுவந்து கம்பிக்கு வெளியே நீட்டினார்.

“கலியாணத்துக்குப் போயிட்டு வாங்கோ. இதை ஆரிட்டக் குடுத்திட்டுப் போறதெண்டு நீங்களே யோசியுங்கோ.”

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. கலியாணம் நேற்று முடிந்துவிட்டது.