முன் அச்சுக்கான பல்சக்கர ஜோடி

ஸஹாப்தீன் லொறிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். ஜாக்கில் தூக்கிய பின்சக்கரத்தை மகன் ஷுக்ரி இரண்டு முறை சுற்றினான்.

"தண்டு எத்தின சுத்து வாப்பா?"

"ஏழு. என்ஜினியர் மேல நிக்கிறார், வாப்பா மண்ணுல கிடக்கிறன்!"

கணக்குச் சரி. யுத்தம் முடிந்து பட்டாளம் விற்ற லொறி அது. அதில்தான் ஸஹாப்தீன் பத்து வருஷமாகப் பதுளையிலிருந்து தோட்டங்களுக்கு அரிசி ஏற்றினார். சேற்றில் புதைகிறதென்று நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயர் போட்டார். புதைவது நின்றது, பாரத்தோடு ஏற்றம் ஏறுவதும் நின்றது. டயர் ஆறில் ஒரு பங்கு பெரிது. அச்சின் பல்சக்கரங்களை மாற்றி, என்ஜினிலிருந்து அச்சுக்கு வரும் தண்டின் ஆறு சுற்றை ஏழாக்கினால் பழைய இழுவை திரும்பும் என்றான் ஷுக்ரி.

"பின்னுக்கு மாத்தியாச்சே, போதாதா?"

"முன்னுக்கும் மாத்தணும் வாப்பா. இல்லாட்டி நாலு சக்கரமும் இழுக்கக்குள்ள ரெண்டு அச்சும் மல்லுக்கட்டும்."

"நானும் உங்கும்மாவும் மாதிரி."

உம்மா மௌத்தான பிறகு வீட்டில் அவர்கள் இருவர்தான்.

முன் அச்சுக்கான பல்சக்கர ஜோடியைப் பண்டாரவளையில் ஒரு கடைக்காரர் எடுத்து வைத்திருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய நானே போய் எடுத்திட்டு வாறன். நீ அலைய வேணாம்."

வியாழக்கிழமையே ஸஹாப்தீனுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியிலேயே மௌத்தாகிவிட்டார்.

லொறி கொட்டகையில் நிற்கிறது. பின் அச்சில் ஏழு, முன் அச்சில் ஆறு. பண்டாரவளைக்குத் தினமும் பஸ் போகிறது. ஷுக்ரி இன்னும் ஏறவில்லை.