செவ்வந்திக் கொட்டகையில் ஒரு பாட்டில் கடல்

மலைமேல் இருக்கும் கியா பார்ம் ஊரில் விடிகிறது. நேற்று மாலை இங்கேதான் என் வேன் பழுதாகி நின்றுபோனது. மலையேறிய வெக்கையில், ஒன்றைத் தவிர மற்ற பாட்டில்களெல்லாம் வெளுத்துவிட்டன. உள்ளே இருப்பது கடல் தண்ணீர், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி; வெளுத்தால் அது செத்துவிட்டதென்று அர்த்தம். குளிரில் வளர்த்தால் பிள்ளைகளின் உடம்புக்கு ஏற்ற எண்ணெய் அதில் கூடும். அதற்காகத்தான் பினாங்குக் கடற்கரையிலிருந்து இந்த மலைக் குளிருக்குத் தூக்கி வருகிறேன்.

சோர்ந்த பாசிக்கு ராத்திரியும் வெளிச்சம் வேண்டும். செவ்வந்தி பயிரிடும் முனியம்மாக்கா தன் பிளாஸ்டிக் கொட்டகையைத் திறந்துவிட்டார். செடிகள் முந்திப் பூத்துவிடாமலிருக்க அங்கே ராத்திரியில் பல்பு எரிகிறது. அதன் கீழே பாட்டிலைத் தொங்கவிட்டோம். இது பிள்ளைகளுக்கு என்றும், அடிக்கடி குலுக்காவிட்டால் பாசி அடியில் படிந்து செத்துவிடும் என்றும் அவரிடம் சொன்னேன். நானே குலுக்குவதாகச் சொல்லி வேனில் போய் உட்கார்ந்தவன், அப்படியே அசந்துவிட்டேன்.

இப்போது பதறியடித்து ஓடுகிறேன். பாட்டிலின் அடியில் எதுவும் படியவில்லை. மேலே நுரைகூட இன்னும் அடங்கவில்லை. கவிழ்த்த வாளிமேல், ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி, பாட்டிலும் கையுமாக அக்கா உட்கார்ந்திருக்கிறார்.

“தூங்கலையாக்கா?”

“பிள்ளைங்களுக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க தம்பி. அப்புறம் எங்க லா தூங்குறது? இந்தாங்க, பிடிங்க. லோரி வந்துரும், கீழ்க் கொட்டகையில பூ வெட்டணும்.”

வாங்கிக்கொள்கிறேன். பாட்டில் சில்லென்றிருக்கிறது. அவர் விரல்கள் அதைவிடச் சில்லென்றிருக்கின்றன.